மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை
எத்தியோப்பிய மேட்டுநிலக் கிராமங்களும் அவற்றைப் பார்த்தவர்களும்

அடிஸ் அபாபாவிலிருந்து வடக்கே கிளம்பும் நெடுஞ்சாலை டெப்ரெ பெர்ஹானைத் தாண்டி, இத்தாலிய ஆக்கிரமிப்புக் காலத்தில் குடையப்பட்ட மலைச்சுரங்கத்தின் வழியே டெப்ரெ சீனாவுக்கு இறங்கி, கொம்போல்ச்சா, டெஸ்ஸே என்று வொல்லோ வட்டாரத்துக்குள் நுழைகிறது. எத்தியோப்பியக் கிராமத்தைப் பற்றி எழுதிய வெளிநாட்டார் பலர் இந்தச் சாலையில் போனவர்கள். பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போனவர்கள். அப்போது மழை நின்று வானம் தெளிந்திருக்கும். நவம்பர், டிசம்பரில் போனால் சாலையின் இருபுறமும் தெஃப் என்ற தானியப் பயிரை அறுத்துப் போர் போட்டிருப்பதைப் பார்க்கலாம். சாணமிட்டு மெழுகிய களத்தில் மாடுகளைப் பிணைத்து ஓட்டித் தானியத்தை மிதிக்கவிடுவார்கள். சந்தை நாளில் கழுதைகள் மூட்டை சுமந்து போகும். வெள்ளைப் பருத்தித் துணி போர்த்திய பெண்கள் கூட்டமாக நடப்பார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காபிக்கொட்டையை வறுக்கும் மணம் வரும். இதைப் பார்த்த பயணி, வளமும் பொறுமையும் விருந்தோம்பலும் நிறைந்த கிராமம் என்று எழுதுவார். அவர் எழுதுவதில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு பருவத்தின் உண்மை மட்டுமே.

கிரெம்ட் எனப்படும் பெருமழைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. லாலிபெலாவின் பாறைக் கோயில்களுக்கும் சிமியென் மலைகளுக்கும் போக நினைப்பவர்களிடம் அந்த மாதங்களைத் தவிர்க்கும்படி வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. மண்பாதைகள் சேறாகி வண்டிகள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அது நியாயமான அறிவுரைதான். ஆனால் அந்த நாட்டின் உழவர் வாழ்வில் முடிவாகும் காரியங்கள் எல்லாம் அந்த நான்கு மாதங்களில்தான் முடிவாகின்றன.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கோளாறுக்கு இலக்கணம் வகுத்தார். அவர் 1970-களின் தொடக்கத்தில் நம் வட ஆர்க்காட்டு நெல் கிராமங்களிலும் ஆய்வு செய்தவர். நகரத்திலிருந்து கிராமம் பார்க்கப் போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு விலகுவதில்லை, ஈரமில்லாத மாதங்களில் மட்டும் போகிறார்கள், திட்டம் நடக்கிற ஊருக்குப் போகிறார்கள், ஆண்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது அவர் கண்டது. ஏழ்மை மிகக் கடுமையாக இருக்கும் இடமும் காலமும் ஆட்களும் இப்படி ஒருசேரக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள். எந்த நாட்டுக்கும் பொருந்தும் கருத்து இது. ஒரே ஒரு பெருமழையை நம்பி, செங்குத்தான மலைச்சரிவுகளில் உழும் நாட்டுக்கு மிகக் கூடுதலாகப் பொருந்துகிறது.

தெஃப் பயிரின் கணக்கிலிருந்து தொடங்கலாம். உலகின் மிகச் சிறிய உணவுத் தானியங்களில் ஒன்று அது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூவாயிரம் மணிகள் தேறும். இவ்வளவு நுண்ணிய விதை கட்டி நிறைந்த மண்ணில் முளைத்து மேலே வராது. அதனால் நிலத்தை நான்கைந்து முறை உழுது பொடியாக்க வேண்டும். பல இடங்களில் விதைக்குமுன் மாடுகளை ஓட்டி மண்ணை மிதித்து இறுக்குவதும் உண்டு. உழவுக்கு மாரெஷா என்ற கலப்பை. நீண்ட ஏர்க்காலும் சிறிய இரும்புக் கொழுவும் கொண்ட அதை இரண்டு எருதுகள் இழுக்கும். விதைப்பு ஜூலை, ஆகஸ்டில். அறுவடை நவம்பர், டிசம்பரில். இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு. ஒரு குடும்பத்தின் நிலமோ பெரும்பாலும் ஒரு ஹெக்டேரை எட்டாது.

டிசம்பரில் குதிரில் கொட்டிய தானியம் எப்போது தீரும் என்பதுதான் ஒவ்வொரு வீட்டின் கேள்வி. பல வீடுகளில் அது மழை தொடங்கும்போதே தீர்ந்துவிடுகிறது. அந்த வேளையில்தான் உழவும் விதைப்பும் களையெடுப்பும் குவிகின்றன. கோடை முழுதும் தாளைத் தின்று மெலிந்துபோன எருதுகள் அந்த வேளையில்தான் மிகக் கடினமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சந்தையில் தானிய விலை உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான். அறுவடை முடிந்த கையோடு வரிக்கும் கடனுக்கும் மலிவாக விற்றவர், அதே தானியத்தை ஆகஸ்டில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். தாழ்வான பகுதிகளில் மழை ஓயும்போது மலேரியா வந்து சேர்கிறது. எத்தியோப்பிய நாட்காட்டியில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு பகுமெ என்று ஐந்தாறு நாள் கொண்ட பதின்மூன்றாவது மாதம் ஒன்று உண்டு. அது முடிந்து செப்டம்பர் 11-இல் புத்தாண்டு பிறக்கும்போது மலைகளில் மஞ்சள் பூக்கள் விரியும். படம் எடுப்பவர்கள் மறுபடி வரத் தொடங்குவார்கள். தெஃப் முதிர இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அதுவரை பச்சை மக்காச்சோளக் கதிரைச் சுட்டுத் தின்று சமாளிக்கும் வீடுகள் ஏராளம்.

இது வெறும் அனுமானம் இல்லை. எத்தியோப்பியக் கிராமக் குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத் தகவல் திரட்டிய ஓர் ஆய்வு 1989-இல் தொடங்கி, 1994 முதல் பதினைந்து கிராமங்களில் நடந்தது. அந்தத் தகவல்களைக் கொண்டு ஸ்டெஃபான் டெர்கானும் பிரமிளா கிருஷ்ணனும் 2000-இல் எழுதிய கட்டுரை, ஒரே குடும்பத்தின் நுகர்வு பருவத்துக்குப் பருவம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டியது. ஒரு முறை மட்டும் போய்க் கணக்கெடுத்தால் கிடைக்கும் வறுமை எண்ணிக்கையைவிட, வறுமைக்குள் விழக்கூடிய நிலையில் இருக்கும் குடும்பங்கள் மிகுதி என்பது அவர்கள் முடிவு. கணக்கெடுப்பவர்களையே ஏமாற்றும் பருவம், சாலையோரம் கார் நிறுத்தி இறங்கும் பயணியை ஏமாற்றாமல் விடுமா?

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று எருது. 1975 மார்ச்சில் டெர்க் எனப்பட்ட இராணுவ ஆட்சி கிராம நிலங்கள் அனைத்தையும் பொதுவுடைமையாக்கியது. குத்தகை முறையை ஒழித்து, ஒரு குடும்பத்துக்குப் பத்து ஹெக்டேர் என்று வரம்பு கட்டியது. உழுபவனுக்கே நிலம் என்று 1965-இலேயே அடிஸ் அபாபா மாணவர்கள் ஊர்வலம் போயிருந்தார்கள். நிலச்சுவான்தார்களின் காலம் 1975-இன் ஆணையோடு முடிந்தது. இன்றுவரை நிலம் அரசுடையது, உழவருக்கு உள்ளது பயன்படுத்தும் உரிமை. எனவே மேட்டுநிலத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நிலத்தில் பெரிய வேறுபாடு தென்படாது. வேறுபாடு தொழுவத்தில் இருக்கிறது. இரண்டு எருது உள்ளவர் தன் நேரத்தில் உழுகிறார். ஒற்றை எருது உள்ளவர் இன்னொரு ஒற்றை எருதுக்காரரோடு சேர்த்துப் பூட்டி, நாள் மாற்றி நாள் உழுகிறார். இதை மெகெனாஜோ என்பார்கள். எருதே இல்லாதவர் நிலத்தை எருதுக்காரரிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு, விளைச்சலில் பாதியோ அதற்கும் குறைவோ பெறுகிறார். ஏர் பிடிப்பது ஆண்கள் வேலை என்ற வழக்கம் இறுகிப்போன வட்டாரங்களில், கணவனை இழந்த பெண்ணின் நிலமும் இப்படியே கைமாறுகிறது. நிலச் சீர்திருத்தம் கொடுத்ததை எருதுப் பஞ்சம் பாதியாக்கிவிடுகிறது.

எருது இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிடம் கொடுமையான பாடம் ஒன்று இருக்கிறது. 1880-களின் இறுதியில் மசாவா துறைமுகத்தில் இறங்கிய இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வெக்கை நோய் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். நாட்டின் கால்நடைகளில் மிகப் பெரும்பகுதி மடிந்தது. உழவு நின்றது. வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்துகொண்டன. 1888 முதல் 1892 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தைக் கெட்ட காலம் என்றே எத்தியோப்பியர் நினைவுகூர்கின்றனர்.

சாலைக்கும் பஞ்சத்துக்கும் உள்ள உறவை அமர்த்திய சென் 1981-இல் வெளியான தம் பஞ்ச ஆய்வில் கவனித்தார். 1973-இல் வொல்லோவில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது நாட்டின் மொத்த உணவு உற்பத்தி பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. டெஸ்ஸே சந்தையில் விலையும் பெரிதாக ஏறவில்லை. வாங்க மக்களிடம் காசு இல்லை. வொல்லோவிலிருந்து தானியம் வெளியே போனதும் உண்டு. உலகத்துக்கு இது எப்படித் தெரியவந்தது? பட்டினி கிடந்தவர்கள் நடந்துவந்து நெடுஞ்சாலையை அடைந்தார்கள். வண்டிகளை மறித்துச் சோறு கேட்டார்கள். முகாம்கள் அந்தச் சாலையோரத்தில் முளைத்தன. சாலைக்குத் தொலைவில், கிழக்கே தாழ்நிலத்தில், கோடை மேய்ச்சல் நிலங்களைப் பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு இழந்திருந்த அஃபார் மேய்ப்பர்களின் சாவு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பயணி பஞ்சத்தைப் பார்க்கும் நாளில் பஞ்சம் பல மாதம் ஊருக்குள் இருந்து, எருதை விற்று, விதையைத் தின்று, பிறகு கால்நடையாகச் சாலைக்கு வந்திருக்கிறது.

1984 அக்டோபரில் அதே நெடுஞ்சாலையில் இருக்கும் கோரெம் என்ற சிற்றூரிலிருந்து முகமது அமீனின் கேமராவும் மைக்கேல் பியூர்க்கின் குரலும் பி.பி.சி. வழியே உலகெங்கும் போயின. அதற்கு முந்தைய மாதம்தான் ஆட்சியாளர்கள் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தலைநகரில் பெருஞ்செலவில் கொண்டாடியிருந்தார்கள். வடக்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் வறட்சியைச் சாவாக்கியதில் போருக்கும் அரசின் மௌனத்துக்கும் பெரும்பங்கு உண்டு. உலகம் பார்த்த படத்தில் போர் இல்லை, விழா இல்லை. வெடித்த நிலமும் ஒட்டிய வயிறும் இருந்தன. நாற்பது ஆண்டுகளாக அந்தப் படம்தான் எத்தியோப்பியக் கிராமத்தின் முகமாக இருக்கிறது. டிசம்பர் பயணியின் வளமான கிராமமும் 1984-இன் படமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று தோன்றும். இரண்டும் சாலையோரத்தில் நின்று ஒரு கணத்தைப் பார்த்தவை என்பதே என் எண்ணம்.

வீட்டுக்குள் போவோம். ஒவ்வொரு பயணியும் எழுதும் காட்சி காபிச் சடங்கு. பச்சைக் கொட்டையைக் கழுவி, வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். நேரம் பிடிக்கும் அழகான வழக்கம். அதில் அமர்ந்து பேசும் ஊர்ப்பெண்களுக்கு ஓய்வும் செய்தியும் கிடைப்பது அங்கேதான். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, விறகு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. இருபது லிட்டருக்குக் குறையாத மஞ்சள் பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஊற்றிலிருந்து ஏறிவருவது பெண்கள் வேலை, சிறுமிகள் வேலை. தெஃப் மாவைக் கரைத்து, முந்தைய கரைசலில் எடுத்துவைத்த நீரை உறையாக விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து வார்க்கும் இஞ்செரா நம் ஆப்பத்துக்கு உறவுபோல இருக்கும். அரை மீட்டருக்கு மேல் அகலமான மண்கல்லைச் சூடேற்ற ஆகும் விறகு கொஞ்சநஞ்சமல்ல. மரம் அழிந்த வடக்கு மேட்டுநிலத்தில் வரட்டிதான் எரிபொருள். நிலத்துக்குப் போக வேண்டிய எரு அடுப்புக்குப் போகிறது.

இந்த விறகுத் தட்டுப்பாட்டுக்காகவே இரண்டாம் மெனெலிக் பேரரசரின் காலத்தில், 1890-களில், ஆஸ்திரேலியத் தைல மரம் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத மலைச்சரிவு இல்லை. மண்ணை வறளடிக்கிறது என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆனாலும் அவசரத்துக்கு வெட்டி விற்கக் கூடிய சொத்து உழவருக்கு வேறு இல்லை என்பதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடக்கு மேட்டுநிலத்தில் பழைய காடு எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றித்தான். மொட்டை வயல்களுக்கு நடுவே பச்சை வட்டங்களாக நிற்கும் அவற்றை அலெமாயெஹு வாஸ்ஸி என்ற எத்தியோப்பிய சூழலியலாளர் ஆராய்ந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து கல்மதில் எழுப்பிக் காத்துவருகிறார். நம் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பயிர்களிலும் உறவு உண்டு. நம் கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கிருஷ்ணகிரிப் பக்கம் விதைக்கும் பேயெள்ளும் எத்தியோப்பியாவில் தோன்றியதே. அங்கே அதன் பெயர் நூக், இன்றும் அது அவர்களுடைய முக்கியமான சமையல் எண்ணெய் வித்து.

வீட்டுக்குள் பங்கீடு எப்படி நடக்கிறது? டெர்கானும் கிருஷ்ணனும் அதே 2000-இல் எழுதிய இன்னொரு கட்டுரை நெஞ்சை உறுத்துவது. நோய் வந்து உடல் மெலியும்போது வீட்டில் கணவனும் மனைவியும் அந்தச் சுமையைச் சமமாகத் தாங்குகிறார்களா என்று பார்த்தார்கள். பெரும்பாலான வீடுகளில் பகிர்ந்துகொண்டார்கள். தெற்குப் பகுதியின் ஏழை வீடுகளில் மட்டும் பகிரவில்லை. அங்கே சுமை பெண்ணின் உடலில் இறங்கியது. வாசலில் நின்று விருந்துண்ணும் பயணிக்கு இது ஒருபோதும் தெரியாது. மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 1998-இல் டிக்ராயிலும் பிறகு மற்ற மாநிலங்களிலும் நிலச் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டன. அம்ஹாராவில் கணவன், மனைவி இருவர் பெயரும் படமும் அதில் இடம்பெற்றன. 2003 முதல் ஊருக்கு இரண்டு பேர் வீதம், பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அரசுச் சம்பளத்தில் கிராமங்களுக்குப் போனது அந்த நாட்டின் உண்மையான சாதனை.

கிராமம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகளும் சாலையிலிருந்து தெரியாதவை. இகுப் என்பது சுழற்சி முறையில் நடக்கும் சீட்டு. டெபோ என்பது அறுவடைக்கு ஊரையே அழைத்து, உணவும் தெல்லா என்ற வீட்டுக் கள்ளும் கொடுத்து வேலை முடிக்கும் முறை. இவற்றைவிட ஆழமானது இடிர். மாதாமாதம் சிறு தொகை கட்டுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இடிர் பணம் கொடுக்கும், பந்தல் போடும், பாத்திரம் கொண்டுவரும், உறுப்பினர்கள் துக்கத்தில் உடனிருக்க வேண்டும் என்று விதியும் வைத்திருக்கும். எழுதப்பட்ட விதிகளும் உறுப்பினர் பட்டியலும் அபராதமும் உள்ள இந்தக் காப்பீட்டைக் கிராம மக்களே நடத்துகிறார்கள். ஏழைகள் திட்டமிடத் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்கள் ஓர் இடிர் கூட்டத்தில் போய் உட்கார வேண்டும்.

ஆனால் இடிர் ஒரு வீட்டின் துயரத்தைத் தாங்கும். மழை பொய்த்து எல்லா வீடும் ஒரே மாதத்தில் வெறுமையானால், கட்டுபவரும் வாங்குபவரும் ஒருவரே. அந்த இடத்தை நிரப்ப 2005-இல் அரசு ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உணவுப் பற்றாக்குறை நிலையான வட்டாரங்களில் பொதுப்பணி செய்தால் கூலியாகப் பணமோ தானியமோ கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் வேலையின்றியே உதவி. நம் நூறுநாள் வேலைச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். சாலையிலிருந்து பார்க்கும்போது தெரியும் கல்லடுக்கு வரப்புகளில் பல, இப்படிக் கூலிக்கும் சில காலங்களில் கூலியில்லாக் கட்டாய உழைப்பாகவும் அண்மைப் பத்தாண்டுகளில் கட்டப்பட்டவை. தெற்கே கோன்சோ மக்களின் வரப்புகள் பல நூற்றாண்டுப் பழமை கொண்டவை, யுனெஸ்கோ பட்டியலில் 2011-இல் சேர்ந்தவை. போகிறபோக்கில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

தெற்கில் பருவத்தின் பிடியே வேறு. குராகே, சிடாமா மக்கள் வீட்டைச் சுற்றி என்செட் வளர்க்கிறார்கள். பார்வைக்கு வாழை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வளரும் காட்டுக் கல்வாழை இதற்கு நெருங்கிய உறவு. உண்பது பழத்தை அல்ல, தண்டையும் கிழங்கையும். பெண்கள் அவற்றைச் சுரண்டி, இலை விரித்த குழியில் மாதக்கணக்கில் புளிக்கவைத்துக் கோச்சோ என்ற ரொட்டியாகச் சுடுவார்கள். முதிர நான்கைந்து ஆண்டு பிடித்தாலும், முதிர்ந்த பிறகு எந்த மாதமும் வெட்டலாம். ஆகஸ்டிலும் வெட்டலாம். வடக்கைக் குலைத்த பஞ்சங்களை என்செட் நாடு பெரிதும் தாங்கி நின்றதற்கு இது முக்கியக் காரணம். என்செட்டைச் சுரண்டிப் புளிக்கவைத்து உணவாக்கும் உழைப்பு பெண்களுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2020 நவம்பரில் தொடங்கி 2022 நவம்பரில் பிரிட்டோரியா உடன்பாட்டோடு நின்ற டிக்ராய்ப் போரின்போது வடக்கு நெடுஞ்சாலை மூடிக்கிடந்தது. பயணிகளும் இல்லை, செய்தியாளர்களும் பெரும்பாலும் இல்லை. கலப்பைகள் உடைக்கப்பட்டன, எருதுகள் கொல்லப்பட்டன, கொள்ளைபோயின. மாட்டை இழந்த ஊர் அடுத்த மழையில் என்ன செய்யும் என்பதை மேலே எழுதியிருப்பதைப் படித்தவர் தாமே கணக்கிடலாம்.

முழு ஆண்டையும் பார்த்தவர்கள் தங்கியவர்கள் மட்டுமே. போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வரெஸ் 1520 முதல் 1526 வரை அங்கே வாழ்ந்தார். அவருடைய நூல் செழிப்பான வயல்களையும் சொல்கிறது, வெட்டுக்கிளி தின்ற ஊர்களை விட்டுக் கூட்டமாக வெளியேறிய மக்களையும் சொல்கிறது. அவருக்குப் பின் அப்படித் தங்கியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. ஹைலே செலாசி பேரரசர் காலம் தொட்டு எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் பணியாற்றினார்கள். மலையாளிகள் மிகுதி, தமிழரும் இருந்தனர். மாகாணச் சிற்றூர்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, 1973-ஐயும் 1984-ஐயும் உள்ளிருந்து கண்டவர்கள் அவர்களில் உண்டு. வகுப்பறையில் ஜூன் மாதம் எந்தப் பிள்ளை வராமல் நின்றான், சந்தையில் தெஃப் விலை எந்த வாரம் ஏறியது என்பது எந்தப் பயண நூலாசிரியரையும்விட அவர்களுக்குத் தெரியும். அவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில், தெருவில், பழைய பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். கிரெம்ட் மாதங்களைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்வதை ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் தமிழில் எழுதிவையுங்கள்.